கருமாதி முடிந்தவன்

அத்தியாயம் பதினேழு

செத்துப்போன புருஷன் வாசலில் வந்து நின்றபோது அங்கம்மா என்ன செய்தாள் என்பதைப் போன வாரம் பார்த்தோம். அவள் அலறவில்லை, மயங்கி விழவும் இல்லை. இடுப்பில் இருந்த யாரோ பெற்ற பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "யாரு?" என்று கேட்டாள். தெரிந்தேதான் கேட்டாள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். மலாயாவில் சிம்பாங் ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். முப்பத்தொன்றாம் வருஷம் ரப்பர்ப் பாலுக்கு விலை விழுந்து ஆட்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்களே, அப்போது அய்யாவுக்கும் சீட்டுக் கிழித்தார்கள். குறைந்த சம்பளக்காரி என்பதால் அங்கம்மாவை மட்டும், மகளோடு, வைத்துக்கொண்டார்கள். "ஊர்ல வீட்டச் சரிபண்ணிட்டு உங்களக் கூப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவனிடமிருந்து மூன்று வருஷம் ஒரு தகவலும் இல்லை. பிறகு ஒரே ஒரு கடுதாசி வந்தது. வாந்திபேதியில் அய்யாவு போய்விட்டதாக அவன் அண்ணன் எழுதியிருந்தான். லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் கூடி மாரடித்தார்கள். அங்கம்மாவின் தாலியைக் கழற்றிப் பாலில் போட்டார்கள். பதினாறாம் நாள் கருமாதியும் முடிந்தது.

அது நடந்து இன்னொரு மூன்று வருஷம் ஆன பிறகு, இப்போது ஆள் முழுசாக வந்து நிற்கிறான். அண்ணன்தான் ஏதோ தப்பாக எழுதிவிட்டான் என்று ஊரே முடிவு கட்டிக்கொண்டது.

கருமாதி முடிந்தவனை வீட்டுக்குள் விடலாமா? வேலுக் கங்காணியும் பூசாரியும் இரண்டு நாள் வெற்றிலை போட்டுக்கொண்டு யோசித்தார்கள். "செத்தவனுக்குப் பேரும் கிடையாது, பெண்டாட்டியும் கிடையாது. மறுபடி பொறக்கணும். சேனை வச்சு, பேர் வச்சு, அப்புறந்தான் தாலி கட்டணும்" என்று பூசாரி முடிவு சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு மாரியம்மன் கோயிலில் நேரம் குறித்தாயிற்று. அதுவரை அய்யாவு சப்பரக் கொட்டகையில் படுத்துக்கொள்ள வேண்டியது.

எல்லாரையும் கலந்துகொண்டார்கள். அங்கம்மாவை மட்டும் கேட்கவில்லை. பதினைந்து வயதில் முதல் தாலி ஏறியபோதும் அவளை யாரும் கேட்கவில்லை. அதனால் அவளுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்துவிட்டது.

*

சாவுக் கடுதாசியைப் படித்த கையோடு கிழித்துப் போட்டுவிட வேண்டும். வீட்டுக்குள் வைக்கக் கூடாது. எல்லாருக்கும் தெரிந்த முறைதான் இது. ஆனால் அங்கம்மாவுக்கு அன்று கிழிக்க மனம் வரவில்லை. வீட்டுக்குள் வைக்கவும் பயம். அதனால் ஒரு பால்டின்னில் போட்டு, லயத்துக்குப் பின்னாலிருந்த விறகுக் கொட்டகையின் கூரையில் செருகிவைத்தாள்.

அன்று அதைப் படித்துச் சொன்னவர் வேலுக் கங்காணி. அய்யாவு தவறிவிட்டான் என்ற வரி வரைக்கும்தான் படித்தார். அதற்குள் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டாள். அதற்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க யாருக்கு நினைப்பு இருந்தது? அங்கம்மாவுக்கோ அப்போது எழுத்து வாசனையே கிடையாது.

இப்போது உண்டு. தாய்மார்கள் பாலெடுக்க மரம் வெட்டப் போகும்போது அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் அவளுக்கு வேலை. மழை பிடித்துவிட்டால் மரம் வெட்ட முடியாது, கொட்டகை காலியாகக் கிடக்கும். அப்படிப்பட்ட மத்தியானங்களில் மகளுடைய பழைய பள்ளிக்கூடப் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு, முப்பத்துமூன்று வயதில் ஆனா ஆவன்னா ஆரம்பித்தாள். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமாடி?" என்று பேச்சியம்மாள் கேலி செய்தாள். வளைந்தது. கொஞ்சம் வலித்துக்கொண்டு வளைந்தது.

எழுத்து மட்டுமா? பழைய அங்கம்மாவைத் தெரிந்தவர்களுக்கு இந்த அங்கம்மாவை அடையாளம் தெரியாது. கள்ளுக்கடையிலிருந்து வரும் புருஷனின் காலடிச் சத்தத்தை வைத்தே இன்றைக்கு அடி உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்வாள் அந்தப் பழையவள். சோற்றில் உப்புக் குறைந்தால் தட்டு சுவரில் போய் மோதும். ஒருமுறை இடது மணிக்கட்டு உடைந்தபோது, மரத்தடியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லித்தான் கட்டுப் போட்டுக்கொண்டாள். அந்தக் கை இன்றும் முழுசாகத் திரும்பாது. அந்த நாட்களில் மாரியம்மனிடம் அவள் வேண்டிக்கொண்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். அவர் மனசை இளக்கு, தாயே.

தாலி இறங்கிய முதல் வருஷம் அவள் உண்மையாகவே அழுதாள். இதைச் சொல்லாமல் விட்டால் அவளுக்கு நான் துரோகம் செய்தவன் ஆவேன். இரண்டாம் வருஷம் ஒருநாள், கொட்டகையில் ஒரு கைக்குழந்தை தும்மியதைப் பார்த்துச் சிரித்தாள். தன் சிரிப்பைத் தானே கேட்டுத் திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தச் சொல்லி அதட்ட வீட்டில் ஆள் இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. கையை எடுத்துவிட்டு மறுபடியும் கொஞ்சம் சிரித்தாள்.

ஒன்று மட்டும் மாறவில்லை. புருஷன் பேரை அவள் வாயால் சொன்னதே கிடையாது. சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்பார்களே, அந்தப் பயம். அந்தப் பேரில் 'அய்யா' வேறு இருந்து தொலைத்ததால், ஊரில் ஒரு பெரியவரையும் அவள் ஐயா என்று கூப்பிட்டதில்லை. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியாரைக்கூட 'கிராணியாரே' என்றுதான் சொல்வாள். மரியாதை தெரியாதவள் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் புருஷன் பேர் கேட்டால் மகளை முன்னால் தள்ளிவிடுவாள். அவன் செத்துப்போய், குறைவதற்கு ஆயுசே இல்லை என்று ஆன பிறகும் அந்தப் பேர் அவள் வாயில் வரவில்லை.

எழுத்து வந்த பிறகும் தொடப் பயந்து விட்டிருந்த டின்னை, அந்த ஞாயிறு காலையில் அங்கம்மா கூரையிலிருந்து இறக்கினாள். கறையான் ஓரத்தைத் தின்றிருந்தது. எழுத்து தெளிவாகவே இருந்தது. விரலை வைத்து, எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தாள்.

'...தவறிவிட்டான். காரியம் எல்லாம் முடிந்தது. நீ இங்கே வர வேண்டாம். பாப்பாவை நன்றாகப் பார்த்துக்கொள். இஷ்டமிருந்தால் நல்லவனாகப் பார்த்துக் கட்டிக்கொள். ஒருத்தரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மழைக்காலத்தில் இடது கைக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துக்கொள்.'

இடது கை என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது.

அவள் கை உடைந்தது இந்தத் தோட்டத்தில். அது மழைக்கு வலிக்கும் என்று தெரிந்த ஆள் இந்த உலகத்தில் ஒருவன்தான். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த அவன் அண்ணனுக்கு அது எப்படித் தெரியும்?

அண்ணன் எழுதவில்லை. செத்தவனே எழுதியிருக்கிறான்.

அங்கம்மா விறகுக் கட்டையின் மேல் உட்கார்ந்தாள். கோபம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் தலைவிரி கோலமாகத் தரையில் புரண்டு அழுத அந்தப் பெண்தான் கண்ணில் வந்து நின்றாள். அவளை நினைத்தால்தான் துக்கமாக இருந்தது.

*

"அம்மா! இன்னும் தலை முழுகலையா?"

சந்திரமதிதான். பதினெட்டு வயது. பெக்கான் நானாஸில் அன்னாசிப் பழம் டின்னில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்யும் மனோகரனுக்கு அவளைப் பேசியிருந்தது. வியாழக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் தட்டு மாற்ற வருகிறார்கள்.

அவள் கையில் ஒரு மஞ்சள் சேலை இருந்தது. "கங்காணி வீட்டம்மா குடுத்தாங்க. கூறைச் சேல இல்லாட்டியும் மஞ்சளாச்சும் இருக்கட்டும்னாங்க."

அங்கம்மா கடுதாசியை மடியில் செருகிக்கொண்டாள்.

"சந்திரா, ஒண்ணு கேக்கட்டுமா? எனக்கு இது வேணாம்னா?"

"எது? சேலையா?"

"தாலி."

"அலமாக்!" என்று மலாயில் பதறினாள் சந்திரமதி. "என்னம்மா பேசுற? வியாழக்கெழம அவங்க வந்துருவாங்க லா. அப்பன் உசுரோட இருக்காரு, அம்மா கழுத்து வெறுங்கழுத்துன்னா அது என்ன குடும்பம்னு கேக்க மாட்டாங்களா? மணவறையில நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கணும்னு மாப்பிள்ளையோட அம்மா ஏற்கெனவே சொல்லி அனுப்பிட்டாங்க."

"போன மாசம் அப்பா இல்லாமத்தான உன்னப் பேசினாங்க?"

"போன மாசம் அவரு செத்தவரு."



சந்திரமதி சேலையை மடித்து அம்மாவின் பக்கத்தில் வைத்தாள். குரல் இறங்கியது. "அப்பா மாறிட்டாரும்மா. நேத்து சோறு கொண்டுபோனேன். உப்புப் போட மறந்துட்டேன். ஒரு வார்த்த சொல்லல. தட்ட அவரே கழுவிக் கவுத்து வச்சாரு. எனக்கு அழுக வந்துருச்சு."

"எனக்கும் தெரியுது."

"தெரிஞ்சுமா இப்படிப் பேசுற?"

"உனக்கு அவரப் பத்தி என்ன ஞாபகம் இருக்கு?"

"தீமிதி அன்னைக்குத் தோள்ல தூக்கிட்டுப் போனாரு. எல்லாரு தலையும் எனக்குக் கீழ தெரிஞ்சுது." அதைச் சொல்லும்போது அவள் முகமே எட்டு வயது முகமாக ஆகிவிட்டது.

அதே தீமிதி அன்று வீடு திரும்பிய பிறகுதான் அங்கம்மாவின் மணிக்கட்டு உடைந்தது. பிள்ளை தூங்கிப் போயிருந்தாள். அங்கம்மா அதைச் சொல்லவில்லை. மகளுக்கு அப்பனைப் பற்றி இருப்பது ஒரே ஒரு நல்ல ஞாபகம். அதையும் பிடுங்கிக்கொள்ள எந்தத் தாய்க்குக் கை வரும்?

"சரி, நீ போ. குளிச்சிட்டு வாரேன்" என்றாள்.

*

பின்பக்க மரவள்ளி வேலிக்கு அப்பால் ஒரு தலை தெரிந்தது.

"அங்கம்மா, உள்ள வரலாமா? இல்ல இங்கயே நிக்கட்டுமா?"

பதினைந்து வருஷக் குடித்தனத்தில் அய்யாவு அவளிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நின்றான். முன்பல் ஒன்று போயிருந்தது. தோள்கள் இறங்கி, கழுத்துத் தெரிந்தது. முன்பெல்லாம் அவனுக்குக் கழுத்து இருந்ததாகவே அவளுக்கு ஞாபகம் இல்லை.

"அங்கயே நில்லுங்க."

நின்றான்.

மடியில் கடுதாசி உறுத்தியது. இவர் சொல்லுவாரா, மாட்டாரா? சொல்லாமல் மறைத்தால் நல்லது. கோயிலில் நாலு பேர் நடுவில் கடுதாசியை எடுத்து நீட்டிவிடலாம். கங்காணியே காறித் துப்புவார். மகளும் வாயை மூடிக்கொள்வாள். அவள் கழுத்து அவளிடமே இருக்கும். தாயே, இவர் சொல்லிவிடக் கூடாது என்று அங்கம்மா மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

"பத்தரைக்கு முன்னால ஒண்ணு சொல்லணும்" என்றான் அய்யாவு. "சொன்னா நீ வரமாட்ட. இருந்தாலும் சொல்லிடணும்."



"அந்தக் கடுதாசிய எங்கண்ணன் எழுதல. நாந்தான் ஆள் வச்சு எழுதினேன்."

"எதுக்கு?"

"அங்க ஒருத்தி இருந்தா. எனக்கு யாருமில்லன்னு அவகிட்டச் சொல்லி வச்சிருந்தேன். நீ எப்பவாச்சும் கடுதாசி போட்டா தெரிஞ்சு போயிருமேன்னு பயம்." வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தே பேசினான். "உன்ன ஒரேயடியா முடிச்சிடலாம்னு நெனச்சேன். உன்ன முடிக்க முடியாது. அதனால என்ன முடிச்சேன்."

"அவங்க பேரு?"

"வெள்ளையம்மா."

"எங்க இப்ப?"

"போயிட்டா. போன வருசம். அந்தக் கடுதாசி போட்ட ரெண்டாம் மாசமே ஒரு பக்கம் கை கால் விழுந்துருச்சு. வாயும் வராது. ரெண்டு வருசம் படுக்கையிலயே கெடந்தா. அவளுக்கும் யாருமில்ல. நாந்தான் கஞ்சி ஊட்டினேன். துணி அலசினேன். மொதல்ல ஆத்திரமா வரும். ஒருநா கஞ்சியத் துப்பிட்டான்னு கைய ஓங்கிட்டேன்." வேலிக்கம்பிலிருந்து கையை இறக்கினான். "அவ கத்த முடியாது, ஓட முடியாது. சும்மா பார்த்தா. அந்தப் பார்வைய நான் முன்னாலயே பார்த்திருக்கேன், அங்கம்மா. இங்க, இந்த வீட்டுல. அன்னைக்குத்தான் எனக்கு ஒறச்சுது. அதுக்கப்புறம் கை ஓங்கல."

அங்கம்மா அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் நகம் பிளந்த, அதே வலது கை.

பதினைந்து வருஷம் இந்த மனசு இளக வேண்டும் என்று பால்குடம் எடுத்தவள் அவள். அம்மன் கொடுத்துவிட்டாள். கடலுக்கு அந்தப் பக்கம், இன்னொருத்தியைப் படுக்கையில் கிடத்திக் கொடுத்துவிட்டாள். வெள்ளையம்மா என்ற அந்தப் பெண்மேல் அங்கம்மாவுக்குப் பொறாமை வரவில்லை. பாவம், அவள் என்ன சுகம் கண்டாள்? ஆனால் அந்தக் கஞ்சிமேல் பொறாமையாக இருந்தது. கை உடைந்து கிடந்த நாளில் தனக்கு ஒருவாய் யாராவது ஊட்டமாட்டார்களா என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது ஞாபகம் வந்தது.

"நீ கங்காணிகிட்டச் சொன்னாலும் சரிதான்" என்றான் அய்யாவு. "மறைக்கச் சொல்லி நான் கேக்க வரல. மறுபடி பொறக்கச் சொல்றாங்க. பொறக்கும்போதே பொய்யோட பொறக்க வேணாம்னு பட்டுச்சு."

"பொய்யே சொல்லியிருக்கலாம் நீங்க."

அவனுக்கு விளங்கவில்லை. அவள் கண்ணில் நீர் நின்றது.

"ஒண்ணுமில்ல. போங்க. நேரமாச்சு. குளிச்சிட்டுக் கோயிலுக்குப் போங்க."

"நீ?"

"வாரேன்."

அவன் போன பிறகும் அவள் வேலியைப் பார்த்தபடியே நின்றாள். கெட்டவனை வேண்டாம் என்று சொல்லலாம், ஊரும் ஒத்துக்கொள்ளும். நல்லவனாகித் திரும்பி வந்தவனை என்ன சொல்லி வேண்டாம் என்பது?

*

பத்தரை மணிக்குக் கோயிலில் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் லயமே வந்துவிட்டது. செத்தவன் பிறப்பதை யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்?

அம்மனுக்கு முன்னால் ஒரு பெரிய முறம். அதில் பச்சரிசி பரப்பியிருந்தது. நாற்பத்தைந்து வயது அய்யாவு, ஈர வேட்டியோடு, முழங்காலைக் கட்டிக்கொண்டு அதில் உட்கார்ந்திருந்தான். முறம் கிறீச்சிட்டது. பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சொல்வாங்க" என்றார் வேலுக் கங்காணி சத்தமாக. "நம்ம அய்யாவு சுடுகாட்டையே தாண்டி வந்துட்டான். இனிமே பழைய பழக்கம் ஒண்ணும் நிக்காது!"

மறுபடியும் சிரிப்பு. அய்யாவும் சிரிக்கப் பார்த்தான். அவனால் முடியவில்லை.

சேனை வைக்கச் சந்திரமதியைக் கூப்பிட்டார் பூசாரி. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டு வைப்பவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். சந்திரமதி சீனித் தண்ணீரில் விரலைத் தோய்த்து அப்பன் நாக்கில் வைத்தாள். அவள் விரலைப் பிடித்துக்கொண்டு அய்யாவு அழுதான். அதற்குப் பிறகு பெண்கள் சிரிக்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்தார்கள்.

அங்கம்மா மஞ்சள் சேலையில் தூணோரம் நின்றாள். தட்டில் தேங்காய், வெற்றிலை, மஞ்சள் கொம்பு கோத்த கயிறு.

"காதுல மூணு தடவ பேர் சொல்லணும்" என்றார் பூசாரி. "அத்தை முறைக்கு யாரு இருக்கா?"

அய்யாவுக்கு இந்த மண்ணில் உறவு என்று யாரும் இல்லை. பேச்சியம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "எனக்கு மருமவன் மாதிரிதான். நான் சொல்றேன்."

"இருங்கக்கா" என்றாள் அங்கம்மா. "நான் சொல்றேன்."

 கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது.

"வெளையாடாத அங்கம்மா" என்றார் கங்காணி. "நீ எப்படிப் பேரச் சொல்லுவ? பேர் வச்சவ அத்த முறை, அப்புறம் தாலி கட்டிக்க முடியாது. கட்டிக்கப் போறவ நீ."

"தெரியும் கங்காணியாரே."

சந்திரமதிக்கு விளங்கிவிட்டது. "அம்மா, வேணாம். அம்மா..." என்று கையைப் பிடித்தாள். இடது கையைத்தான் பிடித்தாள். அங்கம்மா வலியோடு அதை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

அய்யாவு அவள் வருவதை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கும் விளங்கிவிட்டது. பழைய அய்யாவாக இருந்திருந்தால் அந்த முறம் பறந்திருக்கும். இவன் கண்ணை மூடினான். தலையைச் சாய்த்து, பேரைக் கேட்கக் காதை அவள் பக்கம் திருப்பிக் கொடுத்தான்.

அங்கம்மா குனிந்தாள். இருபத்தொரு வருஷமாகச் சொல்லாத பேர். முதல் தடவை வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை அவனுக்கு மட்டும் கேட்டது. மூன்றாம் தடவை அவள் நிமிர்ந்து, கோயிலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கச் சொன்னாள்.

"அய்யாவு."

"இருக்கேன்" என்றான் அவன், காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிட்டால் சொல்வதுபோல.

கங்காணி துண்டை உதறித் தோளில் போட்டார். "பொம்பளைக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தா இப்படித்தான் ஆகும். என்ன கொறைச்சல் இவனுக்கு இப்ப? என்ன தப்புப் பண்ணான், சொல்லு!"

அய்யாவு வாயைத் திறந்தான். கடுதாசி விஷயத்தைச் சொல்லத்தான் திறந்தான். அங்கம்மா தலையை அசைத்து வேண்டாம் என்றாள்.

"அவரு மேல தப்பு இல்ல, கங்காணியாரே" என்றாள். பிறகு அவனிடம் சொன்னாள். "எனக்குக் கோவமும் இல்ல. நீங்க மாறிட்டீங்க, கண்ணால பாக்கிறேன். நானும் மாறிட்டேன். நீங்க விட்டுட்டுப் போனவ இருந்திருந்தா, உங்க கால்ல விழுந்து இந்தக் கயித்த வாங்கியிருப்பா. அவ இல்ல. அவள எங்க போய்க் கூட்டிட்டு வருவேன்? நல்லா இருங்க."

அய்யாவு முறத்திலிருந்து எழுந்தான். காலில் ஒட்டியிருந்த அரிசியை ஒவ்வொன்றாக எடுத்து முறத்திலேயே போட்டான். ஒன்றுகூடத் தரையில் விழாமல் பார்த்துக்கொண்டான். "சரி" என்று மட்டும் சொன்னான். அம்மனைக் கும்பிட்டுவிட்டு வெளியே போனான். சப்பரக் கொட்டகையில் இருந்த அவனுடைய துணி மூட்டை சின்னது. எடுக்க நேரமே ஆகவில்லை.

சந்திரமதி அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டிலிருந்த மஞ்சள் கயிற்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, அப்பன் போன சடக்குப் பாதையிலேயே நடந்தாள். "ஏய் புள்ள, அத எங்க கொண்டுபோற?" என்று பேச்சியம்மாள் கூப்பிட்டது அவள் காதில் ஏறவில்லை.

கூட்டம் ஒதுங்கி நின்று பேச ஆரம்பித்தது. அங்கம்மா கோயிலின் பின்பக்கம் போனாள். மடியிலிருந்த கடுதாசியை எடுத்து நாலாகக் கிழித்தாள், எட்டாகக் கிழித்தாள். மூன்று வருஷம் தள்ளிப்போன முறை. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். நிம்மதி வரவில்லை. அன்று ஊர் கூடி அழுத சாவு பொய். இன்றைய சாவு நிஜம், அழ அவள் ஒருத்திதான்.

மரங்களுக்கு நடுவே சிவப்புச் சடக்கில் அய்யாவு முன்னால் போய்க்கொண்டிருந்தான். பத்தடி பின்னால் சந்திரமதி. வியாழக்கிழமைக்கு இன்னும் நாலு நாள். இருவரும் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் இருந்தார்கள். கூப்பிட இப்போது ஒரு பேரும் அவள் வாயில் இருந்தது.

அங்கம்மா வாயைத் திறந்தாள். வந்தது அழுகைதான்.